நாற்பதாயிரம் ஆர்பிஎம் தாங்கும் 2.5 சிசி: பாகங்களை நாமே செய்வது எப்படி

மாடல் எஞ்சின் உடைந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடுவோம்" என்பதுதான். டிராக்டருக்கு அது சரி. நாற்பதாயிரம் ஆர்பிஎம் சுற்றும் எஞ்சினுக்கு அதுவே எமன். இங்கே பாகத்தை உடைப்பது வெளியிலிருந்து வரும் சுமையைவிட அந்தப் பாகத்தின் சொந்த எடைதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இரண்டே விஷயங்களைச் சுற்றி வரும்: எடையைக் குறைப்பது, நேராகவும் இணையாகவும் செய்வது. கடினமான ஸ்டீல், விலை உயர்ந்த பேரிங் எல்லாம் அதற்குப் பிறகு.

உதாரணத்துக்கு எஃப்2ஏ எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ நடத்தும் கயிற்றில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் மாடல் விமானங்களின் வேகப்போட்டி வகுப்பு இது. கொள்ளளவு அதிகபட்சம் 2.5 சிசி. எரிபொருளைப் போட்டி நடத்துபவர்களே தருவார்கள்: 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய், நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கிடையாது. 17.69 மீட்டர் ஆரத்தில் 9 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். நல்ல மாடல்கள் மணிக்கு 300 கிமீ-யை ஒட்டிப் பறக்கின்றன. உங்களிடம் இருப்பது கார் எஞ்சினாக இருந்தாலும், 3.5 சிசி படகு எஞ்சினாக இருந்தாலும், கணக்கு இதேதான்; எண்கள் மட்டும் மாறும்.

முதலில் காகிதமும் பேனாவும்

போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 15 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 14 மிமீ என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 2.47 சிசி. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டான கன்ராடின் நீளம் மையத்துக்கு மையம் 28 மிமீ. 40,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 667 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. மேல் முனையில் அது திரும்பும்போது உண்டாகும் முடுக்கம் சுமார் 1,53,000 மீ/நொடி². புவியீர்ப்பைப்போல் பதினைந்தாயிரம் மடங்குக்கும் மேல்.

பிஸ்டனும் அதைக் கன்ராடோடு கோக்கும் பின்னும் சேர்ந்து 5 கிராம் என்றால், கன்ராடை மேலே பிடித்து இழுக்கும் விசை சுமார் 767 நியூட்டன். ஐந்து கிராம் பொருள் 78 கிலோ எடையாகிவிட்டது. அரை கிராம் செதுக்கி எடுத்தால் 77 நியூட்டன் மிச்சம். ஆர்பிஎம் 40,000-லிருந்து 45,000-க்கு ஏறினால் இதே விசை 27 சதவீதம் கூடும், ஏனென்றால் வேகத்தின் இருமடிப்படி அது வளர்கிறது.

ஒரு நுணுக்கம். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் முனையில் வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுவதால், இந்த இழுப்பில் ஒரு பெரும் பங்கு கழிந்துவிடும். ஆனால் டேங்க் காலியாகி, முழு வேகத்தில் நெருப்பு அணையும் அந்த நேரத்தில் அந்த உதவி போய்விடுகிறது. எரிபொருள் தீரும் தறுவாயில் கன்ராடு உடைவது அடிக்கடி நடப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், தீரும் நேரத்தில் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறி எண்ணெயும் குறைந்துபோவது.

உங்கள் எஞ்சினுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் லேத்தைத் தொடவேண்டும்.

கழற்றிப் பாருங்கள்: எது முதலில் போகிறது?

புதிய பாகம் செய்யும் முன் பழையதைப் படியுங்கள். கன்ராடு உடைந்திருந்தால் உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். மெல்லிய அரைவட்டக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது களைப்பு முறிவு. விரிசல் தொடங்கிய புள்ளி அந்தக் கோடுகளின் மையத்தில் இருக்கும். பெரும்பாலும் எண்ணெய்த் துளையின் கூர்விளிம்போ, குறுக்காக ஓடும் ஓர் அரத் தழும்போ அங்கே இருக்கும். முகம் சொரசொரப்பாக, ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் ஒரே அடியில் போனது என்று பொருள். பிஸ்டன் பிடித்துவிட்டதா, பேரிங் துண்டு உள்ளே விழுந்ததா என்று தேடுங்கள். கன்ராடின் கிராங்க் பக்கப் பெரிய துளைக்குள் செருகிய புஷ் (பிரான்ஸ் வளையம்) நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் எட்டவில்லை. புஷ்ஷின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கன்ராடின் இரு துளைகளும் இணையாக இல்லை, அல்லது கிராங்க் பின் சாய்ந்திருக்கிறது.

கன்ராடு

அதிகம் உடையும் பாகமும் இதுதான், வீட்டு லேத்தில் நன்றாகச் செய்யக்கூடிய பாகமும் இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

பொருள்: 7075-டி6 அலுமினியம். தடித்த தகட்டிலிருந்து வெட்டினால் உருட்டிய திசை கன்ராடின் நீளவாக்கில் இருக்கும்படி கோடு போடுங்கள். 2024-ஐயும் பயன்படுத்தலாம், பலம் சற்றுக் குறைவு, சூட்டை ஓரளவு கூடுதலாகத் தாங்கும். கடையில் "ஹார்டு அலுமினியம்" என்று மட்டும் சொல்லித் தரும் பட்டையை வாங்கவே வேண்டாம். சான்றிதழோடு வரும் துண்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை.

1. முதலில் துளைகள், பிறகுதான் வடிவம். செவ்வகத் துண்டை மில்லிங் மெஷினில் ஒரே பிடியில் வைத்து இரண்டு துளைகளையும் போட்டு, போரிங் முனையாலோ ரீமராலோ துல்லிய அளவுக்குச் சீவி முடித்துவிடுங்கள். இடையில் துண்டைக் கழற்றி மாட்டினால் இணைத்தன்மை போய்விடும். இரு துளைகளிலும் நீளமான அளவுப் பின்களைச் செருகி, 25 மிமீ தூரத்தில் 10 மைக்ரானுக்குள் இணையாக இருக்கிறதா என்று டயல் கேஜில் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் துண்டை அங்கேயே தூக்கிப்போடுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது நடக்காது.

2. புஷ்: பாஸ்பர் பிரான்ஸ். சுவர் தடிமன் 0.5 மிமீ போதும். 0.02 மிமீ அளவு இறுக்கத்தில் அழுத்திச் செருக வேண்டும். கன்ராடைச் சூடாக்கி நுழைக்க ஆசை வரும். 7075-ஐ 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், அந்த டி6 பதம் இறங்கிவிடும். புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டு, வைஸில் மெதுவாக அழுத்துவதே நல்லது.

3. அழுத்திய பிறகு புஷ் சுருங்கியிருக்கும். திரும்பவும் ரீம் செய்து, லாப்பிங்கில் (பசை போட்டு நுண்மையாகத் தேய்த்து) அளவுக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் பக்கம் 0.025 முதல் 0.04 மிமீ இடைவெளி, பிஸ்டன் பின் பக்கம் 0.015 முதல் 0.02. சாதாரண மோட்டார் மெக்கானிக் பார்த்தால் "என்ன இவ்வளவு லூஸ்" என்பார். இந்த வேகத்தில் எண்ணெய் உள்ளே நுழைய அவ்வளவு வழி வேண்டும்.

4. எண்ணெய்த் துளை. பெரிய துளையின் நேர் அடியில் போடுவதை நான் தவிர்ப்பேன். பிஸ்டன் மேல் முனையில் கன்ராடை இழுக்கும்போது முழு இழுவிசையும் சுற்றி வருவது அந்த அடி வளைவு வழியாகத்தான். ஒரு பக்கமாக 45 டிகிரியில் 1 மிமீ துளை போட்டு, உள்ளும் வெளியும் விளிம்பை நன்றாக மழுக்குங்கள்.

5. வடிவம். தண்டின் குறுக்குவெட்டு 4 × 2.5 மிமீ என்றால் பத்துச் சதுர மிமீ. 767 நியூட்டனுக்கு அழுத்தம் சதுர மிமீ-க்கு 77 நியூட்டன்தான். அதாவது தண்டில் தேவையைவிட அதிகமாகவே பலம் இருக்கிறது. சிக்கல் கண்களில், அதாவது இரு துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களில். 4 மிமீ பின்னில், 4 மிமீ அகலப் புஷ்ஷில், அதே விசை சதுர மிமீ-க்கு 48 நியூட்டன் அழுத்தமாக இறங்குகிறது. தண்டை இளைக்க வைத்து, அந்த உலோகத்தைக் கண்ணைச் சுற்றி விடுங்கள். தண்டு கண்ணோடு சேரும் இடம் பெரிய வளைவாக இருக்கட்டும்.

6. பாலிஷ். நீளவாக்கில் மட்டும். 400-இல் தொடங்கி 1200 வரை. குறுக்குக் கீறல் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. இந்த வேலையை அழகுக்காகச் செய்கிறோம் என்று நினைப்பவர்கள் அடுத்த கன்ராடையும் செய்ய வேண்டியிருக்கும். 667 தடவை ஒரு நொடிக்கு என்றால் 25 நிமிட ஓட்டத்தில் பத்து லட்சம் சுழற்சி. ஒரு கீறல் விரிசலாக வளர அதுவே தாராளம்.

பின்னும் கிளிப்பும்

4 மிமீ விட்டம், 12 மிமீ நீளமுள்ள கெட்டியான ஸ்டீல் பின் சுமார் 1.2 கிராம். நடுவில் 2.4 மிமீ துளை போட்டால் எடையில் 36 சதவீதம் போய்விடும், வளைவுப் பலம் சொற்பமே குறையும். கடினப்படுத்துவதற்கு முன்பே துளை போட்டுவிட வேண்டும். நீடில் பேரிங்கின் உருளைகளை அப்படியே பின்னாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கடினமும் அரைத்த பரப்பும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷின் இல்லாமல் அதில் துளை போட முடியாது.

பின் நழுவாமல் பிடிக்கும் கிளிப் விஷயத்தில் இரண்டு செய்தி. காது வளைந்த கிளிப் வாங்கினால் அந்தக் காதை வெட்டி எறியுங்கள். அந்தச் சின்ன வாலின் எடைகூட இந்த முடுக்கத்தில் கிளிப்பைப் பள்ளத்திலிருந்து பிடுங்கும். மாட்டும்போது கிளிப்பின் திறந்த வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு திரும்பலிலும் கிளிப்பின் இரு கைகளும் அசைந்து, ஒருநாள் வெளியே வந்து சிலிண்டரின் உள்ளுறையான லைனரைக் கோடு கிழிக்கும்.

பிஸ்டனும் லைனரும்

ரிங் இல்லாத ஏபிசி அமைப்பு: அலுமினிய பிஸ்டன், பித்தளை லைனர், உள்ளே குரோம் பூச்சு. 1960-களில் வேகப்போட்டிக்காரர்கள் மத்தியில் வளர்ந்த ஏற்பாடு இது. ரிங் இந்த வேகத்தில் படபடத்து அழுத்தத்தை விட்டுவிடும், எடையும் கூடுதல்.

இதன் சூட்சுமம் வெப்ப விரிவில் இருக்கிறது. லைனரின் மேல்பகுதி அடிப்பகுதியைவிடச் சுமார் 100 டிகிரி அதிகச் சூட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 மிமீ பித்தளைத் துளை மேலே 0.028 மிமீ அதிகம் விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் அதே அளவுக்கு மேல்பக்கம் குறுகலாக, கூம்பு போலச் செய்துவிட்டால், ஓடும் சூட்டில் துளை நேராகிவிடும். குளிரில் பிஸ்டனைக் கையால் தள்ளினால் எக்ஸாஸ்ட் வாயைத் தாண்டியதும் இறுக ஆரம்பித்து, மேல் முனைக்கு முன் நின்றுவிட வேண்டும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து லாப் செய்து தளர்த்திவிடுவார்கள். அதோடு அந்த லைனர் முடிந்தது.

பிஸ்டன் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் ஊரில் அதிகம் தவறுகிறார்கள். பழைய டீசல் பிஸ்டனின் தடித்த பகுதியை வெட்டிக் கடைந்துகொள்ளலாம் என்பது பரவலான யோசனை. அவற்றில் பெரும்பாலானவை 12 சதவீத சிலிக்கான் கலந்த அலுமினிய வகை, எல்எம்13 போன்றவை. அதன் விரிவு பித்தளையின் விரிவுக்குக் கிட்டத்தட்டச் சமம். பிஸ்டன் எப்போதும் லைனரைவிடச் சூடாக ஓடும் என்பதால் அது லைனரை முந்தி விரிந்து பிடித்துக்கொள்ளும். 18 சதவீதமுள்ள எல்எம்28, முடிந்தால் 23 சதவீதமுள்ள எல்எம்29 தேடுங்கள். சிலிக்கான் கூடக்கூட விரிவு குறையும், தேய்மானமும் குறையும். கடைவதுதான் கொடுமை, கார்பைடு முனை சீக்கிரம் மழுங்கும். கடைசிச் சில பாஸ்களைப் பிசிடி வைர முனையில் எடுங்கள். பிஸ்டனைத் தேய்ப்புப் பசை போட்டு லாப் செய்யாதீர்கள். மணல் போன்ற துகள் மென்மையான உலோகத்தில் பதிந்து, பிறகு குரோமைத் தின்னும்.

பிஸ்டனின் உள்ளே எடை குறைப்பதென்றால் பிஸ்டன் பின்னின் தாங்கிகளுக்கு இடையிலும் பாவாடைப் பகுதியிலும் (கீழ்ச் சுவரில்) எடுங்கள். கிரீடத்தை (மேல் முகத்தை) தொடாதீர்கள். 1.5 மிமீ-க்குக் கீழே போனால் சூடு ஓட வழியில்லாமல் நடுவில் ஓட்டை விழும்.

லைனருக்கு வரிசை இது: கடைதல், போர்ட்டுகளை (வாயு நுழையும், வெளியேறும் வாய்களை) வெட்டுதல், விளிம்புகளை மழுக்குதல், கூம்பு ஹோனிங் (உட்புறத்தைக் கல்லால் தேய்த்தல்), குரோம், மறுபடி ஹோனிங். குரோம் 0.03 முதல் 0.05 மிமீ மிஞ்சினால் போதும். ஹைட்ராலிக் ராடு பூசிப் பழகிய பூச்சுக்கடைகள் இந்தச் சின்னத் துளையைக் கண்டால் சலித்துக்கொள்வார்கள்; வாங்கவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. துளைக்குள் நடுவாக நிற்கும் ஈய ஆனோடு ஒன்றை நீங்களே செய்து கையோடு கொண்டுபோனால் பேச்சு மாறும். அது இல்லாமல் பூசினால் வாய்ப்பக்கம் தடித்து, நடுவில் மெலிந்துபோகும். போர்ட் விளிம்புகளில் குரோம் எப்போதும் மொத்தையாகச் சேரும். மெல்லிய கல்லால் அதை எடுத்துவிட்டுத்தான் பிஸ்டனை உள்ளே விடவேண்டும்.

கிராங்க்

இஎன்36 ஸ்டீலைக் கடைந்து, கார்பரைஸ் செய்து (மேல்தோலில் கார்பன் ஏற்றி), கடினப்படுத்தி, பிறகு அரைப்பதுதான் நம்பகமான வழி. மேல்தோல் கடினம், உள்ளே இளக்கம். கடினத்தோல் அரைத்த பிறகு 0.4 மிமீயாவது மிஞ்ச வேண்டும். இஎன்24-ஐ வாங்கி அப்படியே கடைந்து மாட்டினாலும் உடையாது, ஆனால் கிராங்க் பின் சீக்கிரம் தேயும்.

இங்கே உயிர்நாடி, கிராங்க் பின் கிராங்க்கின் தகட்டோடு சேரும் மூலை. கூர்மூலையாக விட்டால் அங்கேதான் வெட்டும். 0.4 மிமீ ஆரத்தில் உருண்டையாக அரைக்கச் சொல்லுங்கள்; கன்ராடு புஷ்ஷின் ஓரத்தில் அதைவிடப் பெரிய சரிவு கொடுங்கள், இல்லையென்றால் புஷ் அந்த உருண்டையில் ஏறி நிற்கும். முன்பக்கத் தண்டு வழியாகக் காற்று இழுக்கும் எஞ்சின் என்றால் தண்டில் வெட்டிய ஜன்னலின் நான்கு மூலைகளும் இதே மாதிரி உருண்டையாக வேண்டும். வேக எஞ்சின்கள் பின்பக்க டிரம் அல்லது தட்டு வால்வுக்குப் போனதில் இது ஒரு லாபம்: தண்டு கெட்டியாகவே இருக்கிறது.

எதிரெடை போதவில்லை என்றால் தகட்டில் துளையிட்டு டங்ஸ்டன் துண்டுகளை அழுத்தி வைக்கலாம். ஸ்டீலைவிட அது இரண்டரை மடங்கு கனம்.

பேரிங்

பின்பக்க பேரிங்தான் முழு அடியையும் வாங்குகிறது. பேரிங்கின் வேகத்தை மதிப்பிட உள்விட்டத்தை ஆர்பிஎம்மால் பெருக்குவார்கள்: 12 மிமீ × 40,000 என்றால் 4,80,000. சாதாரண அழுத்துத் தகட்டுக் கூண்டு கொண்ட பேரிங் இந்த இடத்தில் நிலைக்காது. கூண்டின் ரிவெட்டுகள் விட்டுப்போய்த் துண்டுகள் பிஸ்டனுக்கு மேலே போய்ச் சேரும். ஃபீனாலிக் (பிசின்) கூண்டு, சி3 (சாதாரணத்தைவிடச் சற்றுத் தளர்வான) உள் இடைவெளி, இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் நைட்ரைடு உருண்டைகள் ஸ்டீலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான், அதனால் வெளி வளையத்தில் விழும் மையவிலக்கு அழுத்தமும் குறைகிறது, துருவும் பிடிக்காது. காசு இருந்தால் பின்பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். முன்பக்கத்துக்கு அது வீண்.

மாட்டும்போது சுத்தியல் வேண்டாம். கிராங்க்கேஸை 120 டிகிரிக்கு அவனில் சூடாக்கினால் பேரிங் தானாக இறங்கி உட்காரும். ஆறிய பிறகு தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலாவது உரசித் தடைபட்டால் கேஸின் இருப்பிடம் இறுக்கம் அல்லது முன், பின் துளைகள் ஒரே கோட்டில் இல்லை.

ஹெட்

மேல் முனையில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, மெல்லிய சால்டர் கம்பியைப் பிளக் துளை வழியாக ஓரம்வரை விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். நசுங்கிய தடிமன்தான் உங்கள் அளவு. 0.3 மிமீ-யில் தொடங்கி, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் 0.05 மிமீ மெல்லிய தகட்டு வளையங்களை ஷிம் ஷிம்மாகக் குறைத்துப் பாருங்கள். பேரிங் ஆட்டமும் கன்ராடு நீட்சியும் சேர்ந்து முழு வேகத்தில் பிஸ்டன் இன்னும் சற்று மேலே வரும் என்பதை மறக்க வேண்டாம். ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கின் பிளாட்டினக் கம்பி வளைந்து நசுங்கியிருந்தாலோ, பிஸ்டன் கிரீடத்தின் ஓரம் மணல் அடித்ததுபோல் பொரிந்திருந்தாலோ எரிப்பு முந்துகிறது: ஒரு ஷிம் கூட்டுங்கள். கன்ராடு எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இந்த அடியைத் தொடர்ந்து தாங்காது.

எக்ஸாஸ்டில் மாட்டும் ட்யூன்டு பைப் பற்றி ஒரு வரி மட்டும்: அதைக் குறுக்கினால் ஆர்பிஎம் ஏறும், மேலே போட்ட கணக்கும் ஏறும். புதுப் பாகங்களோடு முதல் ஓட்டங்களுக்குப் பைப்பை நீளமாகவே வையுங்கள்.

பழக்குதல்

ரிங் வைத்த எஞ்சினைப்போல் இதையும் செழுமையான (எரிபொருள் மிகுந்த) கலவையில், குளிர்ச்சியாக, மெதுவாக ஓட்டிப் பழக்கினால் கெடுத்தீர்கள். லைனர் குளிராக இருக்கும்வரை கூம்பு நேராகாது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஆப்பு அடித்ததுபோல் மேலே போய் இறுகும், கன்ராடு அந்த அடியை வாங்கும். ஹீட் கன்னால் சிலிண்டரை 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுக் கிளப்புங்கள். முதலில் சற்றே செழுமையான, ஆனால் நன்றாகச் சூடேறும் கலவையில் சிறு சிறு ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுதாக ஆறவிடுங்கள். சூடேறி ஆறும் அந்தச் சுழற்சியில்தான் பிஸ்டன் தன் வடிவத்துக்கு வந்து அமரும். நிறுத்திய பிறகு பிஸ்டனைக் கீழ் முனைக்குத் திருப்பி வையுங்கள். மேலே இறுகிய நிலையில் ஆறவிடாதீர்கள்.

முகக்கவசம் கட்டாயம். புரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேரே யாரும் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் உட்பட. மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம் அது.

ஓடிய பிறகு

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நைட்ரோ கலந்திருந்தால் எச்சத்தில் அமிலமும் இருக்கும். இரண்டும் முதலில் தின்பது பின்பக்க பேரிங்கை. நாளின் கடைசி ஓட்டத்தில் எரிபொருள் குழாயைப் பிடுங்கி உள்ளே இருப்பதை எரித்துத் தீர்த்துவிடுங்கள். இதை முழு வேகத்தில் செய்யாதீர்கள். சூடு ஆறுவதற்குள் லேசான மெஷின் ஆயிலைச் சில சொட்டு விட்டு, தண்டைச் சுற்றிப் பரவவிடுங்கள். விளக்கெண்ணெய் பிசினாக இறுகிய எஞ்சினை வலுக்கட்டாயமாகத் திருப்பவே கூடாது, முதலில் சூடாக்குங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு கன்ராடுக்கும் ஓடிய நிமிடங்கள், பெரிய துளையின் இடைவெளி, பிஸ்டன் குளிரில் இறுகத் தொடங்கும் உயரம், இந்த மூன்றையும் எழுதுங்கள். பெரிய துளையின் இடைவெளி 0.06 மிமீ-யைத் தாண்டினால் கன்ராடை மாற்றுங்கள், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும். போட்டிக்கு மாட்டும் கன்ராடு அலமாரியில் இருக்கும் புதியதாக இருக்கட்டும். பழகிய பழையதைச் சோதனை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.